காகம், நரி, வடை: நாம் சொல்லும் கதைக்குள் இருக்கும் குழந்தை

பாட்டி வடை சுட்ட கதையைச் சொல்லாத தொடக்கப் பள்ளி ஆசிரியர் நம்மிடையே இருக்க மாட்டார். கதை முடிந்ததும் நாம் கேட்கும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான். "இந்தக் கதை நமக்குச் சொல்லும் நீதி என்ன?" வகுப்பு முழுவதும் ஒரே குரலில் பதில் சொல்லும். "புகழ்ச்சிக்கு மயங்கக் கூடாது!" பதிலைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவோம்.

இந்தக் கேள்வியை நம்மில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நம் ஆசிரியர்கள் நம்மிடம் கேட்டார்கள். நாம் நம் பிள்ளைகளிடம் கேட்கிறோம். ஆனால் இதற்கும் ஒரு வரலாறு உண்டு. குழந்தை என்றால் யார், அதற்கு எதற்காகக் கதை சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு காலமும் ஒரு விடை வைத்திருந்தது. அந்தக் காலத்துச் சிறுவர் நூல்கள் அந்த விடையின்படியே எழுதப்பட்டன. குழந்தை பற்றிய எண்ணம் மாறியபோது நூல்களும் மாறின. அந்த மாற்றங்களை அறிந்துகொண்டால், நாளை நம் வகுப்பில் ஒரு கதைப் புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது எந்தக் குழந்தையை மனத்தில் வைத்து எடுக்கிறோம் என்பது நமக்குத் தெளிவாகும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

குழந்தைப் பருவம் எப்போது தோன்றியது?

கேள்வியே விந்தையாகத் தோன்றலாம். குழந்தைகள் எப்போதும் இருந்தார்களே! ஆனால் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியேஸ் 1960இல் வெளியிட்ட நூலில் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பினார். ஐரோப்பாவின் பழைய ஓவியங்களில் குழந்தைகள் பெரியவர்களின் சிறிய வடிவம் போலவே இருப்பதையும், அவர்கள் பெரியவர்களைப் போலவே உடுத்தியிருப்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். குழந்தைப் பருவம் தனியானது, அதற்குத் தனி உடை, தனி விளையாட்டு, தனி நூல் வேண்டும் என்ற எண்ணம் இடைக்கால ஐரோப்பாவில் இல்லை. பின்னரே மெல்ல வளர்ந்தது என்பது அவர் முடிவு.

இந்த முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. லிண்டா பொல்லாக் என்ற ஆய்வாளர் 1500 முதல் 1900 வரையிலான நாட்குறிப்புகளையும் தன்வரலாறுகளையும் படித்து 1983இல் ஒரு நூல் எழுதினார். அந்தக் காலப் பெற்றோரும் பிள்ளைகளைக் கொஞ்சினார்கள், நோயுற்றபோது தவித்தார்கள், இறந்தபோது அழுதார்கள் என்று காட்டினார்.

தமிழ் படித்த நமக்கு இது வியப்பளிக்காது. புறநானூற்றின் 188ஆம் பாடலில் பாண்டியன் அறிவுடை நம்பி ஒரு குழந்தை சாப்பிடும் காட்சியைத் தருகிறார். குறுகுறுவென நடந்து வந்து, சிறு கையை நீட்டி, சோற்றைத் தொட்டு, கவ்வி, துழாவி, மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை அது. அத்தகைய மக்கள் இல்லாதவருக்கு வாழ்நாளில் பயனே இல்லை என்கிறார் அந்த மன்னர். பெரியாழ்வார் கண்ணனைப் பிள்ளையாக்கிப் பாடினார். பின்னர் பிள்ளைத்தமிழ் என்றொரு சிற்றிலக்கியமே உருவாயிற்று. தலை தூக்கி ஆடுவது செங்கீரை, கை தட்டுவது சப்பாணி, நடந்து வருவது வருகை, நிலவை அழைப்பது அம்புலி எனக் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரித்தது அது. ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை எல்லாம் குழந்தையைப் பற்றிப் பெரியவர்கள் பெரியவர்களுக்காகப் பாடியவை. குழந்தை படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. குழந்தையை நேசிப்பது எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது. குழந்தையை ஒரு வாசகராக நினைத்து நூல் எழுதுவதுதான் பின்னர் வந்தது. சிறுவர் இலக்கியத்தின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

காகம் சொல்லிக் கொடுத்த முதல் எழுத்து

மொராவியாவில் பிறந்த கல்வியாளர் கொமேனியஸ் 1658இல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் ஒரு படநூலை வெளியிட்டார். 'படங்களில் உலகம்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 150 பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மரச்செதுக்குப் படம், படத்திலுள்ள பொருள்களுக்கு எண், அந்த எண்ணுக்குரிய சொல் இலத்தீனிலும் ஜெர்மனிலும். இன்று நம் முதல் வகுப்புப் பாடநூல் செய்வதை அந்த நூல் அன்றே செய்தது.

அதன் எழுத்துப் பாடம் காகத்தில் தொடங்குகிறது. காகத்தின் படம், அது கரையும் ஓசை, அந்த ஓசைக்குரிய எழுத்து. குழந்தை ஏற்கெனவே அறிந்த ஓசையிலிருந்து அறியாத எழுத்துக்குப் போகும் வழி இது. குழந்தை கண்ணாலும் காதாலும் கற்கிறது என்பதை ஒரு நூல் ஏற்றுக்கொண்டு தன் வடிவத்தையே அதற்கேற்ப அமைத்துக்கொண்டது. கற்பித்தல் வரலாற்றில் இது பெரிய அடி.

அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் வேறொரு வகை நூலும் பரவியது. ஜேம்ஸ் ஜேன்வே என்ற மதபோதகர் 1670களின் தொடக்கத்தில் எழுதிய நூலில், பக்தியோடு வாழ்ந்து இளம் வயதிலேயே மகிழ்ச்சியாக இறந்துபோன குழந்தைகளின் வரலாறுகள் வரிசையாக வரும். இன்று படித்தால் நமக்கு நடுக்கமாக இருக்கும். ஆனால் எழுதியவர் கொடியவர் அல்லர். குழந்தைகள் அடிக்கடி இறந்த காலம் அது. குழந்தை பிறக்கும்போதே பாவத்தோடு பிறக்கிறது, இறப்பதற்குள் அதைத் திருத்திவிட வேண்டும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கைக்கு ஏற்ற நூல் அது.

1693இல் ஜான் லாக் கல்வி பற்றிய தம் சிந்தனைகளை வெளியிட்டார். குழந்தை எழுதப்படாத வெள்ளைத் தாள் போன்றது, விரும்பியபடி வடிக்கக்கூடிய மெழுகு போன்றது என்பது அவர் பார்வை. அடித்துக் கற்பிப்பதை அவர் எதிர்த்தார். எழுத்துகள் ஒட்டிய பகடைகளை உருட்டி விளையாடியபடியே படிக்கக் கற்பிக்கலாம் என்றார். எளிமையான, இனிமையான நூலைக் குழந்தை கையில் கொடுக்க வேண்டும். அதற்குப் படங்களோடு கூடிய ஈசாப் கதைகளே சிறந்தவை என்று பரிந்துரைத்தார். அப்படித்தான் காகமும் நரியும் ஐரோப்பியப் படிப்பறைக்குள் உரிமையோடு நுழைந்தன.

விளையாட்டின் அடியில் ஒரு நீதி

லாக்கின் எண்ணத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் லண்டன் பதிப்பாளர் ஜான் நியூபெரி. 1744இல் அவர் வெளியிட்ட சிறிய பையடக்க நூல் சிறுவர் பதிப்புத் துறையின் தொடக்கப்புள்ளிகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. நூலின் விலை ஆறு பென்னி. எட்டுப் பென்னி கொடுத்தால் நூலோடு சிறுவனுக்கு ஒரு பந்து, சிறுமிக்கு ஒரு குண்டூசி மெத்தை கிடைக்கும். அவற்றின் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு. நல்ல செயலுக்குச் சிவப்பில் ஓர் ஊசி, தீய செயலுக்குக் கறுப்பில் ஓர் ஊசி குத்தி வைக்க வேண்டும்.

நூலுக்குள் சிறுவர் விளையாட்டுகளின் படங்கள் உண்டு. ஒவ்வொரு படத்தோடும் ஒரு சிறு பாடல், அதற்கு அடியில் ஒரு நீதி. பந்து விளையாடினாலும் நீதி, பட்டம் விட்டாலும் நீதி! குழந்தை மகிழ வேண்டும் என்பதை நியூபெரி ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு ஒரு காரணம் காட்ட வேண்டியிருந்தது. புத்தகத்துக்குக் காசு கொடுப்பவர் பெற்றோர் அல்லவா?

கதையின் கடைசியில் நாம் கேட்கும் கேள்விக்கு இந்தக் காலத்தோடு நெருங்கிய உறவு உண்டு. ஆண் பிள்ளைக்குப் பந்து, பெண் பிள்ளைக்கு ஊசி என்று பிரித்ததையும் கவனிக்கலாம். நூல் எழுத்தை மட்டும் கற்பிக்கவில்லை. யார் ஓட வேண்டும், யார் உட்கார வேண்டும் என்பதையும் கற்பித்தது.

நரியின் பக்கம் சாயும் பிள்ளைகள்

1762இல் வெளிவந்த 'எமிலி' என்ற நூலில் ரூசோ இந்தக் கதைகளையே கேள்விக்கு உள்ளாக்கினார். பதினேழாம் நூற்றாண்டுக் கவிஞர் லா ஃபொந்தேன் பாடலாக்கிய காகம்-நரிக் கதையைப் பிரான்ஸ் நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் மனப்பாடம் செய்து வந்தார்கள். ரூசோ அந்தப் பாடலை வரிவரியாக எடுத்துக்கொண்டு, இதில் குழந்தைக்கு எது புரியும் என்று கேட்கிறார். காகத்துக்கு ஏன் மரியாதைப் பட்டம்? புரியாத இந்தச் சொல் எதற்கு? பாடலின் கடைசிக்கு வரும்போது முதன்மையான கேள்வியை வைக்கிறார். புகழ்ந்து பேசிப் பொய் சொல்லிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை ஆறு வயதுக் குழந்தைக்கு ஏன் கற்பிக்க வேண்டும்?

அதற்கும் மேல் ஒன்றைச் சொல்கிறார். கதையைக் கேட்கும் பிள்ளைகளைக் கவனித்துப் பாருங்கள். அவர்கள் காகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எல்லோரும் நரியாக இருக்கவே விரும்புகிறார்கள் என்கிறார். நாம் கற்பிக்க நினைத்தது ஏமாறாமல் இருப்பதை. பிள்ளை கற்றுக்கொண்டதோ ஏமாற்றுவதன் சுவையை.

ரூசோ எல்லாவற்றிலும் சரி என்று நான் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வயது வரை நூலே வேண்டாம், அதன்பின் முதல் நூலாக ராபின்சன் குரூசோ போதும் என்றவர் அவர். பெண் கல்வி பற்றிய அவர் கருத்துகள் இன்று ஏற்கத்தக்கவை அல்ல. ஆனால் கதையைக் கேட்கும் குழந்தையின் முகத்தைப் பார்க்கச் சொன்னாரே, அது ஆசிரியர்களாகிய நமக்கு இன்றும் தேவையான அறிவுரை. கரும்பலகையில் நாம் எழுதும் நீதியும் குழந்தையின் மனத்தில் பதிவதும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இந்தக் கதை நம் நாட்டில் எவ்வளவு பழையது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். புத்த ஜாதகக் கதைகளில் இதன் உறவுக் கதை ஒன்று உண்டு. அதில் காகம் நாவல் மரத்தில் பழம் தின்கிறது. நரி அதைப் புகழ்கிறது. காகமும் பதிலுக்கு நரியைப் புகழ்ந்து, கிளையை உலுக்கிப் பழங்களை உதிர்த்துவிடுகிறது. இரண்டின் பொய்ப் புகழ்ச்சியையும் கேட்ட மரதேவதை இரண்டையும் விரட்டுகிறது. அங்கே நரிக்கு வெற்றி இல்லை. காகமும் ஏமாளி இல்லை. சொல்பவருக்கு எது தேவையோ அதற்கேற்பக் கதை மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

பிள்ளைகள் தாமே எடுத்துக்கொண்ட நூல்கள்

பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததை மட்டுமே பிள்ளைகள் படித்தார்கள் என்று எண்ண வேண்டாம். ராபின்சன் குரூசோ (1719), கலிவரின் பயணங்கள் (1726) ஆகிய இரண்டும் பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. பிள்ளைகள் அவற்றைத் தமக்கென எடுத்துக்கொண்டார்கள்.

தமிழிலும் அப்படி ஒன்று உண்டு. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டார். தமிழ் கற்க விரும்பிய ஐரோப்பியருக்குப் பாடநூலாகப் பயன்பட்ட கதை அது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களும் இன்று நம் பிள்ளைகளின் சொத்து.

கிரிம் சகோதரர்களின் கதைத் தொகுப்பு இதற்கு நேர் எதிரான பாதையில் சென்றது. 1812இல் முதல் தொகுதி வந்தபோது அதில் ஆய்வுக் குறிப்புகள் நிறைந்திருந்தன. பின்னர் குழந்தைகள் படிப்பதைக் கண்டு ஒவ்வொரு பதிப்பிலும் கதைகளைத் திருத்தினார்கள். பனிவெண்மைச் சிறுமியின் கதையிலும், காட்டில் விடப்பட்ட அண்ணன் தங்கை கதையிலும் முதற்பதிப்பில் கொடுமை செய்பவள் பெற்ற தாய். பின்வந்த பதிப்புகளில் அவள் மாற்றாந்தாய் ஆகிறாள். குழந்தை மாசற்றது, தாய் புனிதமானவள் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு எண்ணம் கதையையே மாற்றி எழுதியது. கதையில் வரும் 'சித்தி' எப்போதும் கொடியவளாக இருப்பதைக் கேட்டு, வீட்டில் சித்தியோடு வளரும் பிள்ளை நம் வகுப்பில் என்ன நினைக்கும் என்பது நாம் எண்ண வேண்டிய செய்தி.

நீதி இல்லாத கதை

1862 ஜூலை 4 அன்று ஆக்ஸ்ஃபோர்டு அருகே ஆற்றில் படகு செலுத்திச் சென்ற ஒரு கணித விரிவுரையாளர், உடன் வந்த மூன்று சிறுமியருக்குக் கதை சொன்னார். அவர்களில் ஒருத்தி கேட்டதால் அதை எழுதியும் கொடுத்தார். லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் 1865இல் அது நூலாயிற்று. அதுதான் 'ஆலிஸின் அற்புத உலகம்'.

அந்த நூல் குழந்தைக்கு எதையும் கற்பிக்க முனையவில்லை. ஐசக் வாட்ஸ் 1715இல் எழுதிய நீதிப் பாடல்களை அன்றைய ஆங்கிலப் பிள்ளைகள் ஒப்பித்து வந்தார்கள். கரோல் அவற்றைக் கேலிப் பாடல்களாக மாற்றினார். உழைக்கும் தேனீ இருந்த இடத்தில் வாலை மினுக்கும் முதலை வந்தது. எதைப் பார்த்தாலும் அதற்கொரு நீதி சொல்லிக்கொண்டே இருக்கும் ஒரு சீமாட்டியும் கதையில் வருகிறாள். ஆலிஸுக்கு அவளைக் கண்டால் சலிப்பு. நியூபெரி காலத்திலிருந்து கதைகளின் வாலில் தொங்கிய நீதியைப் பார்த்து, ஒரு சிறுவர் நூல் வாய்விட்டுச் சிரித்தது. குழந்தை கேள்வி கேட்கும், பெரியவர்களின் அபத்தத்தைக் கண்டுபிடிக்கும் என்று அந்த நூல் நம்பியது.

சோறும் சட்டமும்

இவ்வளவும் நூல் வாங்க முடிந்த வீடுகளின் வரலாறு. ஆலிஸ் வெளிவந்த அதே காலத்தில், இங்கிலாந்தில் சிறுவர்களைப் புகைபோக்கிக்குள் ஏற்றிச் சுத்தம் செய்யவைத்தார்கள். 1863இல் சார்லஸ் கிங்ஸ்லி அப்படிப்பட்ட ஒரு சிறுவனை நாயகனாக்கி நாவல் எழுதினார். மறு ஆண்டே ஒரு சட்டம் வந்தது. அது பயன் தராததால் 1875இல் இன்னொரு சட்டம் வந்த பிறகே அந்தக் கொடுமை முடிவுக்கு வந்தது. மாசற்ற குழந்தை, விளையாடும் குழந்தை என்று நூல்கள் எழுதியவை எல்லாக் குழந்தைகளுக்கும் எட்டுவதற்குச் சட்டமும் பள்ளியும் தேவைப்பட்டன.

நம் மாநிலத்தில் இது நமக்கு நன்றாகவே தெரியும். 1956இல் காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டம், 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஆகியவை குழந்தைப் பருவத்தை வயலிலிருந்தும் பட்டறையிலிருந்தும் வகுப்பறைக்கு இழுத்துவந்தன. 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1992இல் இணைந்தது. தன்னைப் பற்றிய செய்திகளில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது அந்த உடன்படிக்கை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்தது. குழந்தை பாவி, குழந்தை வெற்றுத்தாள், குழந்தை மாசற்றது என்ற எண்ணங்களைக் கடந்து, குழந்தை உரிமையுள்ள ஒரு மனிதர் என்ற இடத்துக்கு வந்திருக்கிறோம்.

தமிழில் நடந்த மாற்றம்

தமிழ்ப் பிள்ளைகளின் பழைய முதல் நூல் ஆத்திசூடி. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகிய பிள்ளைக்கு எழுத்தின் வரிசையும் வாழ்வின் நெறியும் ஒன்றாகவே கிடைத்தன. இரண்டு மூன்று சொற்களில் ஒரு தொடர். நாவில் எளிதாக நிற்கும். அச்சு நூல் இல்லாத காலத்தில் அதைவிடச் சிறந்த கருவி இல்லை. 1826இல் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரக் கதைகளை உரைநடையில் தந்தார். அந்தக் கதைகளில் 'நீதி' என்பது பெரும்பாலும் உலகில் பிழைக்கும் அறிவைக் குறிக்கும். அரசன் மக்களுக்கு ஆட்சித் திறன் கற்பிக்கச் சொல்லப்பட்டவை அவை. நாம் இன்று கேட்கும் 'நீதி' வேறு பொருளுடையது.

பாரதியார் புதிய ஆத்திசூடி எழுதியபோது வடிவத்தை வைத்துக்கொண்டு குழந்தையை மாற்றினார். ஒளவை அறத்தில் தொடங்கினார். பாரதி அச்சத்தை விடுவதில் தொடங்கினார். பாப்பாப் பாட்டு குழந்தையை ஓடி ஆடச் சொல்லித் தொடங்குகிறது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பசுவையும் கன்றையும் பாடியபோது, அவை செய்வதை மட்டும் காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். பசுவைப் போல் இரு என்று சொல்லவில்லை. ஆசிரியராகப் பணியாற்றியவர் ஒருவர் பாடம் சொல்லாமல் பாடல் எழுதியதை நான் பெரிதாக மதிக்கிறேன். வங்கிப் பணியில் இருந்த அழ. வள்ளியப்பா பாட்டால் குழந்தைகளைக் கவர்ந்ததோடு, 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாகவும் காரணமாக இருந்தார்.

1947இல் வெளிவரத் தொடங்கிய அம்புலிமாமா இதழில் பல்லாண்டுகள் விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகள் வந்தன. வேதாளம் கதையை முடித்துவிட்டு நீதி சொல்வதில்லை. ஒரு கேள்வி கேட்கும். இவர்களில் யார் செய்தது சரி? யாருடைய தியாகம் பெரிது? படிக்கும் பிள்ளை விக்கிரமனுக்கு முன்பே விடை யோசிக்கும், தம்பியோடு வாதாடும். நீதி சொல்லும் மரபு மட்டுமே நம்முடையது என்று நினைக்கிறோம். கேள்வி கேட்கும் மரபும் நம்முடையதே.

வடைக்கு யார் காசு தருவார்?

சில ஆண்டுகளுக்கு முன் நான்காம் வகுப்பில் வடைக் கதையைச் சொன்னபோது, வழக்கமான கேள்வியை விட்டுவிட்டு வேறொன்று கேட்டேன். "இந்தக் கதையில் வருபவர்களில் யாரிடம் பேச உங்களுக்கு ஆசை? என்ன கேட்பீர்கள்?"

காகத்திடம் பேச விரும்பியவர்கள் பலர். வடையைக் காலடியில் வைத்துக்கொண்டு பாடியிருக்கலாமே என்றான் ஒருவன். நரிக்கும் பசிதானே, கேட்டு வாங்கியிருக்கலாம் என்றான் இன்னொருவன். வகுப்பில் அதிகம் பேசாத ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், அந்தப் பாட்டிக்கு வடைக்குக் காசு யாரு குடுப்பா?" என்று கேட்டாள். அவள் பாட்டி சாலையோரம் பணியாரம் சுட்டு விற்பவர்.

இத்தனை ஆண்டுகள் சொல்லியும் பாட்டியைப் பற்றி நான் எண்ணியதில்லை. கதையின் முதல் வரியோடு அவர் மறைந்துவிடுகிறார். உழைத்தவரும் இழந்தவரும் அவர்தான். அன்று அந்தச் சிறுமி எண்ணெய், பருப்பு, விறகு என ஒவ்வொன்றுக்கும் விலை சொல்ல, வகுப்பே ஒரு வடையின் அடக்க விலையைக் கணக்கிட்டது. அதன் பிறகு அவள் மற்றப் பாடங்களிலும் கை தூக்கினாள்.

அமெரிக்கக் கல்வியாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990இல் ஒரு கருத்தைச் சொன்னார். நூல்கள் சில குழந்தைகளுக்குத் தம்மைக் காட்டும் கண்ணாடி. சிலருக்குப் பிறர் உலகைக் காட்டும் சன்னல். சில நேரம் உள்ளே நுழையவிடும் கதவு. தன்னைக் கண்ணாடியில் ஒருமுறைகூடக் காணாத குழந்தை, தனக்கு இந்த உலகில் இடமில்லை என்று கருதிவிடும். அந்தச் சிறுமி தனக்கான கண்ணாடியைப் பழைய கதையிலேயே கண்டுபிடித்தாள். கேட்க இடம் கிடைத்ததுதான் காரணம்.

நாளைய வகுப்புக்கு

நீதிக் கதைகளை ஒதுக்கிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. நேர்மையும் இரக்கமும் பிள்ளைகளுக்கு வேண்டும். ஆனால் பதில் முன்பே தெரிந்த கேள்வியை நாள்தோறும் கேட்டால், வாசிப்பு என்பது ஆசிரியர் மனத்தில் உள்ளதை ஊகிக்கும் வேலை என்று பிள்ளை முடிவு செய்துவிடும். அப்படி முடிவு செய்த பிள்ளை பள்ளிக்கு வெளியே புத்தகத்தைத் தொடாது.

எனக்குப் பயன்பட்ட சிலவற்றைச் சொல்கிறேன். தொடக்க வகுப்புகளில் வாரம் ஒரு கதையையாவது எந்தக் கேள்வியும் கேட்காமல் சொல்லி முடியுங்கள். பேச விரும்பும் பிள்ளைகள் தாமே பேசுவார்கள். கிஜுபாய் பதேக்காவின் 'பகல் கனவு' நூலில் வரும் ஆசிரியர் நான்காம் வகுப்பைத் தன் பக்கம் ஈர்த்தது கதையால்தான். கேள்வி கேட்பதானால் வேதாளத்தைப் போல, இரண்டு விடைக்கு இடமுள்ள கேள்வியாகக் கேளுங்கள். கதையில் பேசாதவர் யார், பாதியில் காணாமல் போனவர் யார் என்று தேடச் சொல்லுங்கள்.

உயர்நிலை வகுப்புகளில் ஒரே கதையின் இரண்டு வடிவங்களைக் கொடுத்து, எது ஏன் மாறியது என்று ஆராயச் சொல்லலாம். நாவல் மரத்துக் காகத்தையும் வடை திருடிய காகத்தையும் அருகருகே வைத்தாலே ஒரு பாடவேளை போதாது. ஆத்திசூடியையும் புதிய ஆத்திசூடியையும் ஒப்பிட்டு, இன்றைக்கு ஓர் ஆத்திசூடியை அவர்களே எழுதட்டும். தம் காலம் குழந்தையிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பதை அவர்கள் எழுதும் வரிகள் நமக்குச் சொல்லும்.

பள்ளி நூலகத்துக்கு நூல் தேர்வு செய்யும்போது ஒவ்வொரு நூலிடமும் ஒன்றைக் கேளுங்கள். இந்த நூல் குழந்தையை யாராக நினைக்கிறது? திருத்த வேண்டியவராகவா, நிரப்ப வேண்டிய பாத்திரமாகவா, சிந்திக்கத் தெரிந்தவராகவா? மூன்று வகையும் நம் அலமாரியில் இருக்கும். மூன்றாம் வகை குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.